ஆக்னஸின் மூன்று இயங்குதளங்கள்

மார்ச் மாதம், மூன்றாம் வாரம்.

திங்கள், காலை 9.40. ஆக்னஸின் மடிக்கணினி இயக்கப்பட்டது. இரண்டாம் இயங்குதளத்தைத் திறக்க ஏழு முறை முயற்சி. ஏழும் தவறின.

செவ்வாய், காலை 10.15. பூட் மேனேஜர் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டு நிறுவப்பட்டது. மூன்று இயங்குதளங்களும் பட்டியலில் தெரிந்தன. பட்டியல் கால வரம்பின்றி நின்றது.

செவ்வாய், முற்பகல் 11.50. பட்டியலில் இரண்டாவதைத் தேர்ந்தபோது மீட்புத் திறவுகோல் கேட்கப்பட்டது. தரப்படவில்லை.

செவ்வாய், பகல் 12.25. கணினியின் பாதுகாப்புச் சில்லு அழிக்கப்பட்டது. செய்தவர்: நான்.

வியாழன், முற்பகல். பெரிய முதலியார்சாவடியில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கணினி கொடுக்கப்பட்டது.

வெள்ளி, மாலை. என் மனைவியிடம் தெரிவிக்கப்பட்டது.

முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் மாணவர்களை ஆய்வகக் குறிப்பேடு எழுதவைத்தவன் நான். முதலில் நடந்தது, பிறகு காரணம், அதற்கும் பிறகுதான் கருத்து என்று அவர்களிடம் வற்புறுத்துவேன். அந்த வரிசையை நானே மீறக் கூடாது என்பதால் நடந்ததை முதலில் எழுதிவிட்டேன்.

விசை

திங்கட்கிழமை காலை நான் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சன்னலுக்கு வெளியே எங்கள் உப்புப் பாத்திகள். வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப முடியாது என்பதால் திரையை இழுத்துவிட்டிருந்தேன். துணியின் ஓரத்தில் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. மேசையில் கணினி. அதன் விசைகளுக்கு இடையில் மெல்லிய உப்புப் பூச்சு. எவ்வளவு துடைத்தாலும் மரக்காணத்தில் அது இரண்டு நாளில் திரும்பிவிடும்.

பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றியது. அது மறைவதற்குள், அதாவது இரண்டு நொடிக்குள், இடக்கையால் கீழ்மூலை விசையையும் வலக்கையால் மேல்வரிசையின் கடைசி விசையையும் ஒருசேர அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் எந்த இயங்குதளம் என்று கணினி கேட்கும். தவறினால் கேட்காது, நேரே விண்டோஸுக்குள் போய்விடும்.

என் வலக்கை நடுங்குகிறது. இரண்டு ஆண்டுகளாகவே நடுங்குகிறது, இந்தக் குளிர்காலத்திலிருந்து மிகுந்துவிட்டது. ஒரு விசையை அழுத்த நினைத்தால் பக்கத்து விசை அழுந்துகிறது. அன்று ஏழு முறை முயன்றேன். ஏழு முறையும் விண்டோஸ் திறந்து, எனக்கு நல்வரவு கூறியது.

ஞாயிறும் தவறியது, சனியும் தவறியது. மூன்று நாள்களாக நான் என் மகளைப் படிக்கவில்லை.

மூன்று வீடுகள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காகச் சில வரிகள். ஆக்னஸ் எங்கள் ஒரே மகள். சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தாள். நான் ஓய்வு பெற்று இங்கே வந்தபின், அந்த வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு உப்பளத்தையும் கவனிக்கிறேன் என்று வந்துவிட்டாள். சென்ற ஆண்டு ஜூன் பத்தொன்பதாம் நாள் காலை, கீழ்புத்துப்பட்டுக்கு அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறந்தாள். அந்தக் காலையைப் பற்றி முன்பே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை எழுத மாட்டேன்.

அவளுடைய கணினியில் மூன்று இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். அளத்தின் கடிதங்களும் படிவங்களும் அதில் இருந்தன. அதை நானும் பயன்படுத்தினேன். இரண்டாவது அவளுக்கென்று அவள் வைத்துக்கொண்ட லினக்ஸ். மூன்றாவது இன்னொரு லினக்ஸ், அலுவலகத்துக்காக எதையாவது உடைத்துப் பார்ப்பதற்கு. ஒரே மனையில் மூன்று வீடுகள், நடுவில் வழி கிடையாது, ஒன்றிலிருந்து வெளியே வந்துதான் மற்றதற்குள் போக முடியும் என்று எனக்கு விளக்கினாள்.

அவளது வீடு முழுவதும் மறையாக்கம் செய்து பூட்டப்பட்டது. எண்பது எழுத்தோ என்னவோ நீளமுள்ள திறவுகோல் அதற்கு. ஆனால் அதைத் தினமும் தட்ட வேண்டியதில்லை. கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லு, வன்பொருள் மாறவில்லை, தொடங்கும் முறை மாறவில்லை என்று பார்த்துவிட்டுத் தானே பூட்டைத் திறந்துவிடும். எனக்காக அப்படி அமைத்தாள். அவள் ஊரில் இல்லாத நாள்களில் பாத்தித் தண்ணீரின் டிகிரியைப் பார்த்து அவளது கோப்பில் நான் பதிய வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

டிகிரி என்று இங்கே எல்லோரும் சொல்வது தண்ணீரின் அடர்த்தியை. கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட்டுப் பார்ப்போம். கடல்நீர் மூன்றில் தொடங்கும். இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு உட்காரும்.

அப்போதே அந்த இரண்டு நொடி எனக்குத் தொல்லையாக இருந்தது. சொன்னேன்.

"நீங்க நிதானமா பாத்து அழுத்துற மாதிரி ஒரு மெனு போட்டுத் தர்றேன்ப்பா" என்றாள். "மழ ஆரம்பிக்கட்டும். அளத்துல வேல இருக்காது."

ஒரு நாளுக்கு ஒன்று

அவள் இறந்து ஆறு மாதங்கள் நான் அந்தக் கணினியைத் தொடவில்லை. டிசம்பர் இறுதியில் ஏதோ படிவத்துக்காகத் திறந்தேன். கை தவறியோ தவறாமலோ அந்த இரண்டு விசைகளும் அழுந்தின. அவளது வீட்டுக்குள் போய்விட்டேன்.

அளத்துக் குறிப்புகள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். நாளுக்கு ஒரு கோப்பு. முதலில் டிகிரி, அடுத்து காற்றின் திசை, அதற்குக் கீழே ஒரு வரி. நான் டிகிரியைப் பதிந்த நாள்களில்கூட, திரும்பி வந்ததும் தன் வரியை அதன் கீழே சேர்த்திருக்கிறாள். உயிரோடு இருந்தவரை அவற்றை நான் படித்ததில்லை. என் எண்ணைப் பதிந்துவிட்டு மூடிவிடுவேன். பிறர் எழுதியதைப் படிப்பது என் வழக்கமில்லை.

சென்ற ஆண்டு ஜனவரி இரண்டு முதல் ஜூன் பதினெட்டு வரை, மொத்தம் நூற்று அறுபத்தெட்டுக் கோப்புகள். ஒரே மூச்சில் படித்தால் ஒரு மணி நேரம் ஆகாது. படித்துவிட்டால் முடிந்துவிடும். எனவே இவ்வாண்டு ஜனவரி இரண்டாம் நாள், சென்ற ஆண்டு அதே நாளின் குறிப்பை மட்டும் திறந்தேன். மறுநாள் மறுநாளுடையதை. இப்படியே போனால் ஜூன் வரை அவள் இருப்பாள் என்பது என் கணக்கு.

"ஆறு டிகிரி. வாடைக் காத்து. கஸ்தூரி அக்காவுக்கும் எனக்கும் வரப்பு விஷயத்துல சண்ட. அவங்க சொன்னதுதான் சரி, ஆனா நாளைக்குத்தான் ஒத்துக்குவேன்."

இது ஜனவரி ஒன்பதின் குறிப்பு. இது எனக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும். ஏனென்றால் அதை அளத்தில் வேலை செய்யும் கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து நெடுநேரம் எழவில்லை.

ஏன் நகல் எடுத்து வைக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கணினியைப் பழுதுபார்த்த யூசுபும் கேட்டார். என் மனைவியும் கேட்டாள். ஒரு பென் டிரைவ் எடுத்துச் செருகினால் ஒரு நிமிட வேலை.

எங்கள் அளங்களில் உப்பு உட்காரத் தொடங்கிய பாத்தியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். மேலே ஆடைபோல ஒரு படலம் கட்டும். அதைக் கலைத்தால் மணி சிறுத்துப் போகும். நாள் வரும்வரை வரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும். சிறு வயது முதல் அந்த வரப்புகளில் நடந்து வளர்ந்தவன் நான். படிக்காத தொண்ணூற்றாறு கோப்புகளின் மேல் கை வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு

திங்கட்கிழமை ஏழாவது முறையும் தவறியபின், ஆக்னஸ் செய்து தருவதாகச் சொன்னதை நானே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். கணினி உயிர்பெற்றவுடன், எந்த இயங்குதளம் வேண்டும் என்று பட்டியலிட்டுக் கேட்கும் ஒரு சிறு நிரல். பூட் மேனேஜர் என்கிறார்கள். அன்று முழுவதும் கையேடுகளைப் படித்தேன். படிப்பது ஒன்றுதான் எனக்கு இன்னும் சரியாக வருகிறது.

மூன்றைப் பரிசீலித்தேன். முதலாவது மிகப் பழையது, எதையும் செய்யவல்லது. ஆனால் அதைத் திருத்தி அமைக்க ஆக்னஸின் நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். அது எனக்குத் தெரியாது. இரண்டாவது மிக எளியது, தன் அருகில் இருப்பதை மட்டுமே காணும். மூன்றாவது ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதையும் தானே தேடிப் பார்த்து, கண்டவற்றைப் பெரிய படங்களாக வரிசையிடும். விண்டோஸிலிருந்தே நிறுவலாம். காத்திருக்கும் நேரம் என்ற இடத்தில் சுழியம் இட்டால், முடிவின்றிக் காத்திருக்கும் என்றது கையேடு. சுழியம் என்றால் உடனே என்றுதான் நான் பொருள் கொண்டிருப்பேன்.

மூன்றாவதைத் தேர்ந்தேன். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. முத்திரையிடப்பட்ட நிரல்களை மட்டும் தொடங்க அனுமதிக்கும் காவல் ஒன்று கணினியின் அடித்தள அமைப்பில் உண்டு. அதை நிறுத்திவைக்க வேண்டும்.

செவ்வாய்க் காலை நான் அதைச் செய்துகொண்டிருந்தபோது கஸ்தூரி வந்தாள். எங்கள் அளத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்பவள், இப்போது மற்றவர்களை மேய்ப்பவளும் அவள்தான். இருபத்தஞ்சரை, நாளைக்கு உப்பு வாரலாம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"இன்னா சார், நேத்தும் இதே பொட்டி, இன்னைக்கும் இதே பொட்டி. இன்னா பண்றீங்க அத?"

இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்த முடியவில்லை, என் கைக்கு ஏற்றாற்போல மாற்றுகிறேன் என்றேன்.

"பாப்பா வெச்சது. வெச்சது வெச்ச மாதிரி இருக்கட்டுமே சார். உங்க கைக்கு வேணும்னா யாரையாச்சும் கூப்ட்டு ரெண்டு பொத்தான அமுக்கச் சொன்னா அமுக்க மாட்டோமா?"

இரண்டு விசைகளை அழுத்த இன்னொருவர் கை. ஒன்பது மாதங்களில் எனக்குத் தோன்றாத வழி அது. அவள் சொன்னபின்னும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் அறையில் வேறொருவர் இருப்பதை நான் விரும்பவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

கரைந்தது எங்கும் போவதில்லை

இடையில் ஒரு பழைய செய்தி.

முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பில் ஒரு குவளைத் தண்ணீரில் கைப்பிடி உப்பைக் கரைத்துக் காட்டுவேன். உப்பு எங்கே என்று கேட்பேன். போய்விட்டது என்று ஒருவனாவது சொல்வான். குவளையைச் சன்னலில் வைத்துவிடுவேன். இரண்டு வாரத்தில் அடியில் சதுரம் சதுரமாக வந்து நிற்கும். கரைந்தது என்றால் இருக்கிறது என்று பொருள், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்குவேன்.

முப்பத்தொரு முறை சொல்லியிருக்கிறேன். இறுதிச் சடங்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு பழைய மாணவர் ஒருவர் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். ஆறுதல் சொல்ல நினைத்தார். நன்றி சொன்னேன்.

அளத்தில் அதன் மறுபக்கமும் உண்டு. உப்பை வாரியபின் எஞ்சும் தண்ணீர், முப்பது டிகிரியைத் தாண்டிவிட்டால், எண்ணெய்போல் மஞ்சளித்துக் கசக்கும். அதை வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த உப்பும் கெடும். மடைப் பலகையைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, பாத்தியை அலசி, புதுத் தண்ணீர் பாய்ச்சுவோம். அடியில் மிதித்து இறுக்கிய களிமண் தரை அப்படியே இருக்கும். தண்ணீர் கெட்டுப்போனதற்காக எவரும் துக்கப்படுவதில்லை. தரை இருந்தால் உப்பு வரும்.

இரண்டையும் இங்கே எழுதுவது, செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு என் மனத்தில் என்ன இருந்தது என்பதை மறைக்காமல் வைப்பதற்காக.

பன்னிரண்டு இருபத்தைந்து

பூட் மேனேஜர் சரியாகவே வேலை செய்தது. திரையில் மூன்று படங்கள் தோன்றின. பட்டியல் நின்றது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் நின்றது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அம்பு விசையை அழுத்தினேன். மூன்றாவதற்குப் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்கும் பொறுத்தது. நீண்ட நாள்களுக்குப் பிறகு என் கையை நான் வெறுக்காத சில நிமிடங்கள் அவை.

அவளது வீட்டைத் தேர்ந்தேன். கதவு திறக்கவில்லை. மீட்புத் திறவுகோலை உள்ளிடுக என்றது.

நீளமான அந்தத் திறவுகோல் அவளது கைபேசியில் இருந்திருக்கும். அந்தக் கைபேசி அவளோடு சாலையில் போயிற்று.

தொடங்கும் முறை மாறிவிட்டதால் சில்லு ஐயப்படுகிறது என்பது எனக்கு விளங்கியது. அதுவரை சரி. அடுத்த படியில்தான் நான் பிழை செய்தேன். மாற்றியதைப் பழையபடி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சில்லுக்குள் ஏதோ தவறான பதிவு தங்கிவிட்டது, அதை அலசிவிட்டால் புதிதாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் என்று தோன்றியது. தண்ணீர்தானே கெட்டிருக்கிறது, தரை இருக்கிறது.

அடித்தள அமைப்பில் அதற்கென்றே ஒரு வரி இருந்தது. தேர்ந்ததும் எச்சரிக்கை வந்தது. இதில் சேமிக்கப்பட்டுள்ள திறவுகோல்கள் அனைத்தும் இழக்கப்படும். ஏற்க ஒரு விசை, மறுக்க ஒரு விசை.

ஆங்கிலம் எனக்குத் தெரியும். திறவுகோல் என்பதும் இழப்பு என்பதும் தெரியும். எச்சரிக்கையை இரண்டு முறை படித்தேன். அந்தத் திரைக்கும் கால வரம்பு இல்லை. இரண்டு நொடி, ஐந்து நொடி என்று ஏதும் இல்லை. சிந்திக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவும் எனக்குத் தரப்பட்டது. வலக்கை நடுங்காமலிருக்க இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஏற்கும் விசையைச் சரியாக அழுத்தினேன்.

யூசுப்

இரண்டு நாள் அந்தத் திறவுகோல் கேட்கும் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழனன்று பேருந்தில் பெரிய முதலியார்சாவடிக்குப் போனேன். யூசுப் ஐம்பதைத் தாண்டியவர். ரேடியோ, டெக், பிறகு கணினி என்று காலத்தோடு மாறிவந்த கை. ஆக்னஸுக்குத் தெரிந்தவர். உப்புக்காற்று தின்ற விசைப்பலகையை அவரிடம்தான் இரண்டு முறை மாற்றினாள்.

ஒரு மணி நேரம் பார்த்தார். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் பார்த்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்குது சார். ஒரு கீறல் கெடையாது. பாப்பாவோடது எல்லாம் உள்ளதான் இருக்குது" என்றார். "ஆனா தொறக்காது."

எப்போதுமா என்று கேட்டேன்.

"உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. எப்பவும்தான்."

பிறகு அவர் தொழில்காரரின் இயல்பான எரிச்சலோடு தொடர்ந்தார். திறவுகோல் கேட்டபோதே நிறுத்திவிட்டு, பழைய அமைப்பைத் திருப்பி வைத்திருந்தால் தானாகவே திறந்திருக்கும். சில்லுக்குள் சாவி அப்போதும் இருந்திருக்கிறது. யாரோ போய் அதை வழித்துப் போட்டுவிட்டார்கள்.

"வீட்ல பசங்க யாராச்சும் கைய வெச்சாங்களா சார்?"

"நான்தான்."

யூசுப் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு தேநீர் சொன்னார். அது வந்து, ஆறி, ஆடை படிந்தது. கணினி அங்கேயே இருக்கட்டும், தன் மைத்துனன் ஒருவன் பெங்களூரில் இருக்கிறான், அவனையும் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்றார். கேட்டுப் பயனில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பும்போது கீழ்புத்துப்பட்டைப் பேருந்து கடந்தது. கரைந்தது என்றால் இருக்கிறது என்று பொருள் என முப்பத்தொரு ஆண்டுகள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அந்தத் தொண்ணூற்றாறு வரிகளும் இருக்கின்றன. ஒரு புள்ளிகூடக் குறையாமல் அந்த வட்டில் இருக்கின்றன. எத்தனை வெயில் காய்ந்தாலும் இனி அவை வந்து உட்காரப் போவதில்லை.

ரெஜினா

என் மனைவி ரெஜினா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சென்ற ஆண்டே என்னிடம் ஒரு முறை கேட்டாள், பாப்பா அந்தக் கணினியில் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று. பார்க்கிறேன் என்றேன். ஜனவரியில் மீண்டும் கேட்டாள். அளத்துக் குறிப்புகள் இருக்கின்றன, முழுவதும் படித்து, அச்சிட்டு, ஜூனில் வரும் நினைவுப் பூசைக்குத் தருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அச்சிடும் எண்ணம் எனக்கு இருந்தது உண்மை. அந்தக் காலை நேரத்தை யாருடனும் பங்கிட விரும்பவில்லை என்பதும் உண்மை. எது பெரிய உண்மை என்பதை இந்த வாரம் அறிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து வந்தாள். தவக்காலம். பகலெல்லாம் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கஞ்சி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, மேலே நீங்கள் படித்த அதே வரிசையில் சொன்னேன். ஒரு முறையும் குறுக்கிடாமல் கேட்டாள். நோயாளி தன் நோயைச் சொல்லும்போது கேட்பதுபோல.

"எத்தன படிச்சீங்க?"

"எழுபத்திரண்டு."

"எனக்கு ஒண்ணு கூடக் காட்டல."

குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்னாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலை, மருத்துவமனை நாள்களில் மிஞ்சிய ஒரு நீளப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எழுதாத பக்கங்கள் நிறைய இருந்தன. பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்க. படிச்சது ஞாபகம் இருக்கும்ல. ஜனவரி ரெண்டு."

சொன்னேன். நான்கு டிகிரி, வாடைக்காற்று. அதன் கீழே இருந்த வரியையும் சொன்னேன். எழுதினாள். மூன்று, நான்கு, ஐந்து என்று போயிற்று. டிகிரிகள் தங்குதடையின்றி வந்தன. வாழ்நாள் முழுவதும் எண்களோடு இருந்தவன். வரிகள் அப்படி வரவில்லை. சிலவற்றில் பொருள் இருந்தது, சொல் இல்லை. சிலவற்றில் ஒரு சொல் மட்டும் இருந்தது. இடைவெளிகளை நிரப்பிச் சொல்லிக்கொண்டே போனேன். நிரப்புகிறேன் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் வந்தபோது ரெஜினாவின் பேனா நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். காற்று திசை மாறியது. ஆயினும் தண்ணீர் தன் போக்கில் தடித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா 'ஆயினும்'னு எழுதுவாளா?"

அவள் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பி, அதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தாள். அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஜனவரி ஒன்பதில் சற்றே நின்றது. பிறகு கடைசிவரை நிற்கவில்லை.

"இது அவ இல்லீங்க. இது நீங்க."

மறுக்க முயன்றேன். எது அவளுடையது, எது என்னுடையது என்று பிரித்துக் காட்ட வாயெடுத்தேன். பிரிக்க முடியவில்லை. எழுபத்திரண்டு நாள் காலையில் நான் படித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். என்னுடைய தமிழில் பெயர்த்து அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அசலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் எதையும் அவள் சொன்னபடி வைத்துக்கொள்ளவில்லை.

ரெஜினா வரிகளின் மேல் அளவுகோலை வைத்து, ஜனவரி ஒன்பதை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்தாள். மருத்துவமனைப் பதிவேட்டில் தவறான பதிவை அடிப்பதுபோல, அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு.

"டிகிரிய மட்டும் சொல்லுங்க" என்றாள். "அத அவதான் பாத்தா."

பிப்ரவரி ஏழு, பதினெட்டரை. எட்டு, பத்தொன்பது. ஒன்பது, பத்தொன்பதேகால். பத்து, அவள் சென்னை போயிருந்தாள், பார்த்தது நான், இருபது. அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். விட்டாள். மார்ச் பதினான்கு, இருபத்தைந்து என்று முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. ரெஜினா பேனாவை மூடவில்லை. அடுத்த வரியில் மார்ச் பதினைந்து என்று எழுதி, என்னைப் பார்த்தாள்.

செய்யாமல் இருப்பவை

யூசுபிடமிருந்து கணினியை வாங்கி வருவது.

எட்டாம் பாத்தியின் மடைப் பலகையை மாற்றுவது.

கஸ்தூரியிடம் நடந்ததைச் சொல்வது.

கை நடுக்கத்துக்கு மருத்துவரைப் பார்ப்பது.

ஜூன் பூசைக்குப் பங்குத்தந்தையிடம் பெயர் கொடுப்பது.

மார்ச் பதினைந்தாம் நாளின் குறிப்பைப் படிப்பது.